முதலில் ஒயர், கடைசியில் டொமைன்

அலுவலகக் கம்ப்யூட்டர் ஒன்று டொமைனை விட்டு அறுந்து போனால் திரையில் ஒரே ஒரு வரிதான் வரும். இந்தக் கம்ப்யூட்டருக்கும் டொமைனுக்கும் இடையே இருந்த நம்பிக்கை உறவு முறிந்துவிட்டது என்பது அதன் சாரம். பாஸ்வேர்டு சரி, ஆள் சரி, நேற்று மாலை வரை வேலை நடந்திருக்கிறது. இன்று காலை உள்ளே விடவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி, பொம்மிடி, அரூர் வட்டாரத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்துவரும் எனக்கு வேறெந்தப் பழுதையும்விட இந்தப் பழுதுதான் அதிகம் கற்றுக்கொடுத்தது.

எங்கள் பக்கத்தில் டொமைன் வைத்திருக்கும் அலுவலகங்கள் அதிகம் இல்லை. மரவள்ளி அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகளில் பெரியவை, தனியார் பள்ளி, கல்லூரி, தலைமை அலுவலகம் சேலத்திலோ சென்னையிலோ உள்ள நிதி நிறுவனக் கிளைகள், அவ்வளவுதான். மற்ற இடங்களில் நாலு சிஸ்டம், ஒரு பிரிண்டர், ஒரு மோடம் என்று வேலை ஓடிவிடும். ஆனால் டொமைன் உள்ள இடத்தில் அது அறுந்தால் வேலை மொத்தமும் நிற்கும். ஆலையில் கிழங்கு லாரிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசை கட்டும். வெட்டிய கிழங்கைப் போட்டு வைத்திருந்தால் மாவுச்சத்து குறையும், விலை இறங்கும். கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கட்ட வந்த பெற்றோர் கூலி நாளை விட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். கம்ப்யூட்டர் பழுது என்பது எங்கள் ஊரில் கடைசியில் ஒரு விவசாயியின் பணமாகவோ ஒரு தாயின் நேரமாகவோதான் முடியும். அதனால்தான் இதை அவசரப்படாமல், ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்கிறேன்.

கம்ப்யூட்டருக்கும் ஒரு கணக்கு

டொமைன் என்றால் என்ன என்று கேட்கும் அலுவலக நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். பல சிஸ்டங்கள் உள்ள இடத்தில் யார் யார் உள்ளே வரலாம், எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்ற முடிவை ஒவ்வொரு சிஸ்டமும் தனித்தனியாக எடுக்காமல் ஒரு சர்வரிடம் ஒப்படைத்துவிடுவது டொமைன். அந்தச் சர்வருக்கு டொமைன் கன்ட்ரோலர் என்று பெயர். விண்டோஸ் 2000 வெளிவந்தபோது இந்த ஏற்பாடு ஆக்டிவ் டைரக்டரி என்ற அமைப்பாக வந்தது, இன்றுவரை அதே அடித்தளத்தில்தான் ஓடுகிறது.

பலருக்கும் தெரியாத ஒன்று இதில் உண்டு. பணியாளருக்குப் பெயரும் பாஸ்வேர்டும் இருப்பதுபோல, கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஒரு கணக்கு உண்டு, ஒரு பாஸ்வேர்டும் உண்டு. அந்தப் பாஸ்வேர்டை எந்த மனிதரும் வைப்பதில்லை, பார்ப்பதும் இல்லை. சிஸ்டம் காலையில் உயிர்பெறும்போது, ஆள் வந்து உட்காருவதற்கு முன்பே, நெட்லாகன் என்ற சேவை அந்த ரகசியத்தைக் காட்டி சர்வரோடு ஒரு பாதுகாப்பான வழியைத் திறந்துவைக்கிறது. 30 நாளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டரே தன் பாஸ்வேர்டை மாற்றிக்கொண்டு சர்வருக்கும் தெரிவிக்கிறது. இருவரிடமும் உள்ள ரகசியம் ஒன்றாக இருக்கும்வரை சிக்கல் இல்லை. ஒருவர் பழையதையும் மற்றவர் புதியதையும் வைத்திருந்தால் உறவு முறிகிறது.

இதைப் புரிந்துகொண்டால் ஒரு வதந்தியையும் ஒதுக்கிவிடலாம். "ரெண்டு மாசமா ஆன் பண்ணாம கெடந்துச்சுங்க, அதனாலதான் டொமைன் போயிருச்சு" என்று பல இடங்களில் சொல்வார்கள். வெறுமனே அணைந்து கிடந்ததால் உறவு முறிவதில்லை. பாஸ்வேர்டை மாற்றும் பொறுப்பு கம்ப்யூட்டருடையது. அது தூங்கினால் மாற்றமும் நடக்காது. சர்வரிடமும் அதே பழைய பாஸ்வேர்டு பத்திரமாக இருக்கும். எழுந்ததும் பழையதைக் காட்டி உள்ளே போய், அதன்பிறகு புதியதை வைத்துக்கொள்ளும். நெடுநாள் கிடந்த சிஸ்டம் சேரவில்லை என்றால் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். பயன்படாத கணக்கு என்று எண்ணித் தலைமை அலுவலகத்தில் யாராவது அதை நீக்கியிருக்கலாம். மதர்போர்டு கடிகாரம் நின்றிருக்கலாம்.

விலக்கிச் சேர்க்கும் பழக்கம்

நான் தொழில் கற்றது விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில். அங்கே மூத்தவராக இருந்த அண்ணன் எங்களைப் போன்ற பையன்களை அலுவலகங்களுக்கு அனுப்பும்போது ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்: "போன ஒடனே கீபோர்டுல கை வெக்காத. மொதல்ல ஒயரப் பாரு, அப்புறம் அவங்க சொல்றதக் கேளு."

அவர் அப்படிச் சொல்லக் காரணம் இருந்தது. டொமைன் பிரச்சினை என்றதும் சிஸ்டத்தை டொமைனிலிருந்து விலக்கி, ரீஸ்டார்ட் செய்து, மறுபடி சேர்த்து, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்வது எல்லோரும் கைக்கொள்ளும் வழி. இன்றும் அதுதான் வழக்கம். பல நேரங்களில் அது வேலையும் செய்யும். ஆனால் ஏன் அறுந்தது என்பதை அது சொல்லாது. காரணம் அப்படியே இருந்தால் சில வாரத்தில் மறுபடி அறுந்து நிற்கும். ஒயரோ, முகவரியோ, கடிகாரமோ கெட்டுப்போன இடத்தில் டொமைனை விட்டு விலக்கிவிட்டால், திரும்பச் சேர்க்கவும் முடியாமல் சிஸ்டம் நடுவழியில் நிற்கும். அப்போது லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை என்றால் உள்ளே போகவே வழி இல்லை.

2022 அக்டோபருக்குப் பிறகு இன்னொரு தடையும் வந்தது. பாதுகாப்புக் காரணத்துக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு மாற்றம் செய்தது: டொமைனில் ஏற்கெனவே உள்ள ஒரு கம்ப்யூட்டர் கணக்கை, அதை உருவாக்காத வேறொருவர் எடுத்து அதே பெயரில் மீண்டும் சேர்க்கப் பார்த்தால் விண்டோஸ் பெரும்பாலும் மறுக்கிறது. முன்பு யார் சேர்த்தாரோ அவர் வேலையை விட்டுப் போயிருப்பார். இப்போது வந்தவர் சேர்க்க முடியாமல் திணறுவார். சரி, பழைய கணக்கை அழித்துவிடலாம் என்று அழித்தால், வட்டுப் பூட்டின் மீட்புச் சாவி போல அந்தக் கணக்கோடு சேர்த்துச் சேமித்திருந்தவையும் போய்விடும். ஆகவே விலக்குவது கடைசி வழியாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து கேள்விகள் உண்டு: ஒயர், முகவரி, பெயர், நேரம், பாஸ்வேர்டு. இந்த வரிசையில்தான் கேட்க வேண்டும். ஒன்றைச் சரிபார்க்காமல் அடுத்ததற்குப் போவதில் பயனில்லை.

போனிலேயே பாதி தெரியும்

எங்கள் பக்கத்தில் யாரும் "டொமைன் அறுந்துவிட்டது" என்று போன் செய்வதில்லை. "சர்வர் எடுக்கலைங்க" என்பார்கள். "நெட்டெல்லாம் வருதுங்க, பில்லிங் மட்டும் வரலைங்க" என்பார்கள். "எனக்குத் தெறக்குது சார், புதுசா வந்த பொண்ணுக்குத் தெறக்கமாட்டேங்குது" என்பார்கள். இந்தப் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால் பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இன்டர்நெட் வந்து சர்வர் மட்டும் வரவில்லை என்றால் ஒயர் நல்லபடியாக இருக்கிறது, பெயர் தேடும் இடத்தில் கோளாறு என்று சந்தேகப்படலாம். பழைய ஆள் உள்ளே போகிறார், புதிய ஆள் போக முடியவில்லை என்றால் சிஸ்டம் சர்வரைத் தொடவே இல்லை என்று பொருள். விண்டோஸ் கடைசியாக உள்ளே வந்த 10 பேரின் நுழைவு விவரத்தைத் தன்னிடமே வைத்திருக்கும். சர்வர் இல்லாவிட்டாலும் அவர்களை உள்ளே விடும். புதியவரின் விவரம் அதனிடம் இல்லை, சர்வரைக் கேட்டாக வேண்டும். "நேத்து கரண்டு போயி வந்ததுல இருந்து" என்றால் சுவிட்ச், யுபிஎஸ், கடிகாரம் மூன்றையும் பார்க்க வேண்டும். "மாடியில புதுசா வைஃபை போட்டாங்க" என்றால் முகவரிச் சிக்கல். அதனால் போனை எடுத்ததும் நான் கேட்பது: எத்தனை சிஸ்டத்தில் இப்படி, எப்போதிலிருந்து, அதற்கு முன் என்ன மாறியது? எல்லாச் சிஸ்டத்திலும் ஒரே நேரத்தில் என்றால் சர்வரையோ சுவிட்சையோ பார்க்க வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால் அந்த ஒன்றைப் பார்க்க வேண்டும்.

ஒயரும் முகவரியும்

ஒரு ஜவ்வரிசி ஆலையில் அலுவலகம் ஒரு பக்கம், எடைமேடை அறை முற்றத்தின் மறுகோடியில். நடுவே காயவைக்கும் களம். எடைமேடை சிஸ்டம் மட்டும் அடிக்கடி டொமைனை விட்டு விலகும். எனக்கு முன்பு வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் விலக்கிச் சேர்த்துப் போயிருந்தார்கள். நான் ஒயரைப் பிடித்துக்கொண்டே நடந்தேன். செம்பு நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரைதான் உத்தரவாதமாக வேலை செய்யும். அங்கே இரண்டு கேபிளைக் களத்தின் ஓரம் முறுக்கிச் சேர்த்து டேப் சுற்றியிருந்தார்கள். மழையில் நனையும், வெயிலில் வெடிக்கும். காலையில் சிஸ்டம் எழும் நேரத்தில் இணைப்பு தாமதமாக வரும். நெட்லாகன் சர்வரைத் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று பதிவு செய்துவிடும்.

அங்கே ஃபைபர் இழுக்கச் சொன்னேன். தூரம் ஒரு காரணம், இடி இன்னொரு காரணம். சித்திரை, வைகாசியில் சேர்வராயன் மலைப் பக்கமிருந்து கோடை மழை இறங்கும்போது எங்கள் ஊரில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி போனால் அதன் வழியே அதிர்ச்சி வந்து சுவிட்சின் போர்ட்டுகளைக் கொல்லும். சில போர்ட்டுகள் முழுதாகச் சாகாது. விளக்கு எரியும், தகவல் போகாது. ஃபைபரில் மின்சாரம் பாயாது. கண்ணாடி இழை இழுத்த பிறகு அந்த எடைமேடை சிஸ்டத்தைப் பற்றி எனக்குப் புகார் வரவில்லை.

ஒயர் சரி என்றால் முகவரி. ஐபிகான்ஃபிக் கட்டளை போட்டு 169.254 என்று தொடங்கும் எண் வந்தால், சிஸ்டத்துக்கு யாரும் முகவரி கொடுக்கவில்லை, தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அதைவிடத் தந்திரமானது, தவறான ஆள் முகவரி கொடுப்பது. ஒரு பள்ளி அலுவலகத்தில் சில சிஸ்டம் வேலை செய்யும், சில செய்யாது, நாளைக்கு நாள் மாறும். பணியாளர் அறையில் வைஃபைக்காக யாரோ வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து சுவரில் உள்ள ஜாக்கில் செருகியிருந்தார்கள். அதுவும் முகவரி வழங்கும் பெட்டிதான். எந்தச் சிஸ்டத்துக்கு அதன் பதில் முதலில் போய்ச் சேர்ந்ததோ அது அதன் பேச்சைக் கேட்டது. அந்த ரவுட்டரைக் கழற்றியதும் பள்ளி முழுக்கச் சரியானது.

பெயர்

ஐந்தில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். கம்ப்யூட்டர் டொமைன் கன்ட்ரோலரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? டிஎன்எஸ் சர்வரிடம் போய், இந்த டொமைனுக்கு உள்ளே விடும் வேலையைப் பார்க்கும் சர்வர் எது என்று கேட்கிறது. அந்தப் பதில் அலுவலகத்துச் சர்வரில்தான் எழுதியிருக்கும். கூகுளின் 8.8.8.8 என்ற பொது டிஎன்எஸ்ஸுக்கு உலகத்து இணையதளங்கள் எல்லாம் தெரியும். பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு கிளை அலுவலகத்துக்குள் இருக்கும் சர்வரின் பெயர் தெரியாது.

ஒரு நிதி நிறுவனக் கிளையில் புதிதாக ஃபைபர் இணைப்பு போட்டார்கள். இணைப்பு கொடுக்க வந்தவர் வேகமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு சிஸ்டத்திலும் 8.8.8.8 போட்டுவிட்டுப் போனார். இன்டர்நெட் பறந்தது. மறுநாள் தலைமை அலுவலகத்துச் சர்வர் வரவில்லை. "நெட்டு முன்ன விட நல்லா வருதுங்க, சர்வருதான் தகராறு" என்று மேலாளர் சொன்னபோதே காரணம் புரிந்தது. பழைய டிஎன்எஸ் எண்ணைத் திருப்பி வைத்ததும் எல்லாம் வந்தது.

சிலர் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று முதல் டிஎன்எஸ் அலுவலகச் சர்வர், இரண்டாவது 8.8.8.8 என்று வைப்பார்கள். இது இன்னும் மோசம். முதலாவது ஒரு கணம் பதில் தராமல் தாமதித்தால் விண்டோஸ் இரண்டாவதுக்குத் தாவிவிடும், கொஞ்ச நேரம் அங்கேயே நிற்கும். அந்த நேரத்தில் டொமைன் இல்லை என்ற பதில் வரும். பிறகு தானாகச் சரியாகும். "சில நேரம் வருது, சில நேரம் வரலை" என்ற புகாருக்குப் பின்னால் இதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். டொமைனில் உள்ள சிஸ்டம் டொமைனின் டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்க வேண்டும். வெளியுலகப் பெயர்களை அந்தச் சர்வரே வெளியே கேட்டுச் சொல்லும்.

நேரம்

டொமைனில் ஆளைச் சரிபார்க்கும் முறைக்கு கெர்பரோஸ் என்று பெயர். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1980-களில் அத்தீனா திட்டத்துக்காக உருவானது. பாஸ்வேர்டை ஒயரில் அனுப்பாமல், நேரம் குறித்த சீட்டுகளை வைத்து நம்பிக்கையை உறுதிசெய்வது அதன் வழி. ஒருவர் சீட்டை நடுவில் திருடி நாளைக்குக் காட்டிவிடக் கூடாது என்பதற்காக நேரத்தைப் பார்க்கிறது. வழக்கமான அமைப்பில் சிஸ்டத்துக்கும் சர்வருக்கும் இடையே 5 நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது.

எங்கள் ஊர் அலுவலகங்களில் இது அடிக்கடி இடறும். அதற்கு ஊர்ப் பழக்கமே காரணம். மாலையில் அலுவலகம் பூட்டும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் போவார்கள். இடிக்குப் பயம், கரண்ட் பில்லுக்கும் பயம். இரண்டும் நியாயமான பயம்தான். ஆனால் மின்சாரம் அடியோடு நின்றால் மதர்போர்டின் கடிகாரத்தை ஓட்டுவது சிஆர்2032 என்ற சின்ன 3 வோல்ட் பேட்டரி மட்டுமே. பிளக்கில் எப்போதும் கரண்ட் இருக்கும் நகரத்து அலுவலகத்தில் அந்தப் பேட்டரிக்கு வேலை குறைவு. இங்கே அது ஒவ்வொரு இரவும் விடிய விடிய உழைக்கிறது, சீக்கிரம் தீர்ந்தும் போகிறது. 2012 வாக்கில் தமிழ்நாட்டு மாவட்டங்களில் நீண்ட மின்வெட்டு இருந்த காலத்தில் பேட்டரி தீர்ந்து தேதி பின்னோக்கிப் போன சிஸ்டங்கள் எனக்கு நிறைய வந்தன. காலையில் திறந்தால் சிஸ்டம் தன் பிறந்த ஆண்டுக்கே திரும்பியிருக்கும். அந்தத் தேதியைக் காட்டிச் சர்வரிடம் போனால் அது ஏற்காது.

இதிலும் கண்ணை ஏமாற்றும் ஒரு வகை உண்டு. ஒரு அலுவலகத்தில் சிஸ்டத்தின் நேரமும் சுவர்க் கடிகாரமும் ஒன்றாக இருந்தன. ஆனாலும் நேர வித்தியாசம் என்றே பிழைச் செய்தி வந்தது. விண்டோஸ் நிறுவியபோது நேர மண்டலம் அமெரிக்கப் பசிபிக் கரையோரத்தில் நின்றிருந்தது. யாரோ மண்டலத்தை மாற்றாமல் முள்ளை மட்டும் இந்திய நேரத்துக்கு நகர்த்தியிருந்தார்கள். கெர்பரோஸ் பார்ப்பது உலகப் பொது நேரத்தை. மனிதக் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த அந்தக் கடிகாரம் சர்வரின் கணக்கில் அரை நாளுக்கும் மேலாக விலகி நின்றது. மண்டலத்தை இந்தியாவுக்கு, 5.30 கூட்டலுக்கு மாற்றி, நேரத்தை மறுபடி ஒத்திசைத்ததும் உள்ளே விட்டது. அதனால் நேரம் பார்க்கும்போது தேதி, ஆண்டு, மண்டலம் மூன்றையும் பார்ப்பது என் வழக்கம். பேட்டரியைக் கையோடு வைத்திருப்பேன். சர்வரின் சொந்தக் கடிகாரமும் சரியாக இருக்க வேண்டும். அதை டெல்லியில் இந்திய நேரத்தைப் பேணும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரச் சேவையோடு இணைத்துவிடுவேன்.

பாஸ்வேர்டு

நான்கும் சரியாக இருந்து, அப்போதும் உள்ளே விடவில்லை என்றால்தான் உண்மையிலேயே ரகசியம் முறிந்திருக்கிறது. இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஈவென்ட் வியூவரைத் திறந்தால் நெட்லாகன் எழுதிவைத்திருக்கும். 5719 என்ற எண் இருந்தால், சர்வரை எட்டவே முடியவில்லை என்று அர்த்தம். ஒயர், முகவரி, பெயர் பக்கம் திரும்பிப் போக வேண்டும். 3210 என்ற எண் இருந்தால், சர்வரை எட்டியது, ஆனால் தன்னை நிரூபிக்க முடியவில்லை. இந்த இரண்டு எண்களையும் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் போதும், தேவையில்லாமல் விலக்கிச் சேர்க்கும் வேலை பாதிக்கு மேல் குறைந்துவிடும்.

ரகசியம் ஏன் முறிகிறது? நான் பார்த்தவரை, காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் ஏதோ ஒன்று நடந்திருக்கும். சிஸ்டம் ரீஸ்டோர் போட்டு போன மாத நிலைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். முன்பு நகலெடுத்துவைத்த பழைய இமேஜை வட்டில் இறக்கியிருப்பார்கள். கம்ப்யூட்டர் பழைய பாஸ்வேர்டுக்குப் போய்விடும், சர்வரிடம் புதியது இருக்கும். அல்லது ஒரே இமேஜை இரண்டு சிஸ்டத்தில் இறக்கிப் பெயர் மாற்றாமல் விட்டிருப்பார்கள். ஒரு கணக்கை இருவர் பயன்படுத்த, ஒருவர் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றவர் வெளியே நிற்பார்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் இது விடாப்பிடியாக நடந்தது. மாணவர்கள் எதை மாற்றினாலும் ரீஸ்டார்ட் செய்தால் பழைய நிலைக்கே திரும்பும் மென்பொருள் அங்கே போட்டிருந்தார்கள். ஆய்வகத்துக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் கம்ப்யூட்டர் 30 நாளில் தன் பாஸ்வேர்டை மாற்றிச் சர்வருக்கும் சொல்லிவிடும். அடுத்த ரீஸ்டார்ட்டில் அந்த மாற்றத்தைத் தானே மறந்துவிடும். சில வாரத்தில் ஆய்வகமே வரிசையாக அறுந்து விழும். அங்கே பொறுப்பில் இருந்த மேடம் ஒவ்வொரு பருவத்திலும் எல்லாச் சிஸ்டத்தையும் விலக்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய உழைப்பில் குறையே இல்லை. காரணத்தைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த ஆய்வகச் சிஸ்டங்களுக்கு மட்டும் பாஸ்வேர்டு தானாக மாறுவதை குரூப் பாலிசியில் நிறுத்தி, அதோடு இமேஜைப் புதிதாக உறையவைத்தோம். அதன்பின் அந்த வேலை அவருக்கு வரவில்லை.

சரிசெய்யும் வழியும் எளிது. பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து, டெஸ்ட் கம்ப்யூட்டர் செக்யூர் சேனல் என்ற கட்டளையைப் போட்டால் உறவு இருக்கிறதா இல்லையா என்று ட்ரூ, ஃபால்ஸ் என ஒரே சொல்லில் பதில் வரும். ஃபால்ஸ் வந்தால் அதே கட்டளையோடு ரிப்பேர் என்பதையும், டொமைனில் உரிமை உள்ள ஒருவரின் பெயரையும் சேர்த்துப் போட்டால், கம்ப்யூட்டரும் சர்வரும் புதிய ரகசியத்தைப் பகிர்ந்துகொள்ளும். டொமைனை விட்டு விலக வேண்டாம், கணக்கும் மாறாது. உள்ளே போகவே முடியாதபோது நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, முன்பு அந்தச் சிஸ்டத்தில் வேலை செய்த ஒருவரை அவருடைய பாஸ்வேர்டை அவரே அடித்து நுழையச் சொல்வேன். கேபிள் இல்லாததால் சிஸ்டம் தன் நினைவில் உள்ள விவரத்தைக் கொண்டே உள்ளே விடும். உள்ளே போனபின் கேபிளைச் செருகி, அட்மின் உரிமையோடு கட்டளையைப் போடலாம்.

ஐந்தும் சரி, ஆனாலும் சேரவில்லை என்று ஒரு புது லேப்டாப் வந்தால் விண்டோஸ் எந்தப் பதிப்பு என்று பார்த்துவிடுங்கள். ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. அலுவலகத்துக்கு வாங்கும்போதே ப்ரோ பதிப்பு கேட்டு வாங்குவது நல்லது.

கானாவில் நின்ற கரண்ட்

இந்தப் பழுதை எங்கோ மூலையில் உள்ள சின்னச் சிக்கல் என்று நினைப்பவர்களுக்கு மேர்ஸ்க் நிறுவனத்தின் கதையைச் சொல்வேன். உலகின் மிகப் பெரிய சரக்குக் கப்பல் நிறுவனங்களில் ஒன்று அது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற நாசகார நிரல் அதன் நெட்வொர்க்கில் பரவியது. உலகெங்கும் இருந்த ஏறத்தாழ 150 டொமைன் கன்ட்ரோலர்கள் அழிந்தன. அவை ஒன்றின் பிரதியை மற்றொன்று வைத்திருப்பதால் எல்லாம் ஒரே நேரத்தில் போகாது என்று நம்பியிருந்தார்கள். எல்லாம் போயின, ஆப்பிரிக்காவில் கானா நாட்டு அலுவலகத்தில் இருந்த ஒன்றைத் தவிர. தாக்குதல் நேரத்தில் அங்கே கரண்ட் இல்லாததால் அந்தச் சர்வர் நெட்வொர்க்கை விட்டு விலகி அணைந்து கிடந்தது. அதில் இருந்த தகவலைக் கானாவிலிருந்து நைஜீரியா வழியாக ஆள் மூலம் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய், அதை அடித்தளமாக வைத்து முழு அமைப்பையும் மீட்டார்கள். 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் 10 நாளில் மறுபடி நிறுவ வேண்டியிருந்தது என்று அதன் தலைவர் பிறகு சொன்னார்.

மின்வெட்டை விரோதியாக மட்டுமே பார்த்துப் பழகிய எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தச் சம்பவத்தில் ஒரு பாடம் இருக்கிறது. டொமைனின் பிரதி ஒன்று நெட்வொர்க்கைத் தொடாத இடத்தில் இருக்க வேண்டும். அதிர்ஷ்டத்தால் கிடைத்த அந்தப் பாதுகாப்பை நாம் திட்டமிட்டே செய்துகொள்ளலாம். வாரம் ஒருமுறை சர்வரின் பேக்கப் எடுத்து, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்தால் போதும்.

2020-இல் இன்னொன்றும் நடந்தது. நெதர்லாந்தின் செக்யூரா நிறுவனத்தைச் சேர்ந்த டாம் டெர்வோர்ட் நெட்லாகனில் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். பாஸ்வேர்டே தெரியாமல், வெறும் பூஜ்யங்களைத் திரும்பத் திரும்ப அனுப்பினால், சராசரியாக 256 முறையில் ஒருமுறை சர்வர் ஏமாந்து கதவைத் திறந்துவிடும். அந்த வழியே டொமைன் கன்ட்ரோலரின் சொந்தக் கணக்கின் பாஸ்வேர்டையே வெறுமையாக்கிவிட முடியும். ஸீரோலாகன் என்று பெயர் பெற்ற அந்த ஓட்டைக்கு 2020 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. யாரும் பார்க்காமல் பின்னணியில் நடக்கும் அந்த இயந்திரப் பேச்சுவார்த்தை எவ்வளவு முக்கியம் என்பதை உலகம் அப்போதுதான் கவனித்தது. சர்வரை அப்டேட் செய்யாமல் வைத்திருக்கும் அலுவலகங்களில் நான் இதைச் சொல்லி வற்புறுத்துவேன்.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

நல்ல நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் கெட்ட நாளில் ஒரு நாள் மிச்சமாகும். நான் பொறுப்பேற்கும் அலுவலகங்களில் சிலவற்றைக் கட்டாயமாகச் செய்கிறேன். சிஸ்டத்தின் பெயர், முகவரி, டிஎன்எஸ் எண், சர்வரின் பெயர் நான்கையும் ஒரு தாளில் எழுதி சுவிட்ச் பெட்டிக்குள் ஒட்டுவது. லோக்கல் அட்மின் பாஸ்வேர்டை உறையில் இட்டு மேலாளரின் லாக்கரில் வைப்பது. சிஸ்டம் அதிகம் உள்ள இடத்தில், அந்தப் பாஸ்வேர்டை டொமைனே அவ்வப்போது மாற்றிச் சேமித்துவைக்கும் வசதியை இயக்கிவிடுவது. 2023 ஏப்ரல் முதல் அது விண்டோஸோடு சேர்ந்தே வருகிறது. சர்வருக்கு மட்டும் யுபிஎஸ் வைக்காமல் சுவிட்சுக்கும் மோடத்துக்கும் சேர்த்து வைப்பது. முடிந்த இடத்தில் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை நிறுவுவது. ஒரே சர்வரை நம்பியிருக்கும் அலுவலகத்துக்கு அந்த ஒன்று நின்றால் போக்கிடம் இல்லை.

இன்னொன்று, ஒரு நோட்டு. எந்தச் சிஸ்டம், எந்த நாள், ஐந்து கேள்விகளில் எங்கே தட்டுப்பட்டது, என்ன செய்தோம் என்று அதில் எழுதி அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வருவேன். அந்த எடைமேடை சிஸ்டத்தில் முன்பு வந்தவர்கள் யாராவது இப்படி எழுதியிருந்தால், மழை நாள்களில் மட்டும் அது விலகுகிறது என்பது சீக்கிரமே கண்ணில் பட்டிருக்கும்.

இப்போது என்னோடு வேலைக்கு வரும் தம்பிகள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் படித்தவர்கள். விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். பெங்களூருக்கோ சென்னைக்கோ போகாமல் சொந்த ஊரில் இருந்தபடியே இந்தத் தொழிலில் நிற்க வேண்டும் என்று நினைப்பவர்கள். அவர்களிடம் நான் கேட்பது வேகத்தை அல்ல. ஒரு சிஸ்டத்தைச் சரிசெய்துவிட்டு வந்தால், "ஏன் போச்சு?" என்று கேட்பேன். "தெரியலைண்ணா, விலக்கிச் சேர்த்தேன், வந்துருச்சு" என்று சொன்னால் திரும்பிப் போய் நெட்லாகன் பதிவைப் படித்துவிட்டு வரச் சொல்வேன். கூலி கொடுக்கும் அலுவலகத்துக்கு நாம் தர வேண்டியது வேலை செய்யும் சிஸ்டம் மட்டுமல்ல, அது நின்றதற்கான காரணமும்தான். காரணம் தெரிந்த அலுவலகம் அடுத்த முறை பேட்டரியைத் தானே மாற்றிக்கொள்ளும், புதிதாக வரும் ரவுட்டரைக் கேட்காமல் செருக விடாது, டிஎன்எஸ் எண்ணைத் தொட வருபவரைத் தடுத்து நிறுத்தும். அதனால் எனக்கு வரும் அழைப்புகள் குறையலாம். குறையட்டும். வருகிற அழைப்பில் உண்மையாகவே நான் தேவைப்பட வேண்டும்.